பலகை பிள்ளைகள் கைக்கு எட்டட்டும்

எங்கள் பள்ளியில் நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே அறையில் நடக்கின்றன. எழுதுவதற்கு அந்த அறையில் மூன்று இடங்கள் உண்டு. முன்சுவரில் சிமெண்ட் பூசிக் கறுப்படித்த பழைய கரும்பலகை. அதன் பக்கத்தில், எங்களிடம் படித்துப் போன ஒருவர் வாங்கித் தந்த வெள்ளைப் பலகை. மூன்றாவது, பக்கச் சுவர்களில், தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் ஓடும் ஒரு கறுப்புப் பட்டை. புதிதாக வருகிறவர்கள், சுவர் அழுக்காகாமல் இருக்க அடித்த பெயிண்ட் என்று அதை நினைத்துக்கொள்கிறார்கள். அந்த அறையில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

செயல்வழிக் கற்றல் வந்த காலத்தில் போட்ட பட்டை அது. 2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கி, 2007-08-ல் தமிழ்நாடு முழுக்க அரசுத் தொடக்க வகுப்புகளுக்கு வந்த முறை. ஆந்திரத்தின் ரிஷி வேலி பள்ளியில் கிராமப்புறப் பிள்ளைகளுக்காக உருவாக்கிய அட்டை முறைதான் அதற்கு முன்னோடி. ஆசிரியர் நாற்காலியை விட்டிறங்கிப் பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் சுவரில் ஒரு பங்கு கரும்பலகை கிடைத்தது. பிறகு அட்டைகள் போய்விட்டன, பாடமுறைகள் மாறின, பல பள்ளிகளில் அந்தப் பட்டையின் மேல் வெள்ளையடித்துவிட்டார்கள். எங்கள் அறையில் அது வெளுத்துக் கிடந்தது. கரும்பலகை பெயிண்ட் வாங்கி மறுபடி அடித்தோம். நான் படித்த காலத்தில் கோவை இலையையும் அடுப்புக்கரியையும் அரைத்துப் பலகையில் பூசுவோம். வெள்ளிக்கிழமை மதியம் அந்த வேலைக்கு யாரைக் கூப்பிடுவார்கள் என்று வாரம் முழுக்கக் காத்திருப்போம். பலகையைத் தொட அதைவிட்டால் எங்களுக்கு வேறு வழி இருந்ததில்லை.

பலகை விளையாட்டுகள் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஓட்டப் போட்டிதான். வகுப்பை இரண்டாகப் பிரித்து, கேள்வி கேட்டதும் அணிக்கு ஒருவர் ஓடி வந்து விடை எழுத வேண்டும். ஒரே கூச்சலாக இருக்கும். பார்க்கிறவர்களுக்கு, ஆகா, வகுப்பு எவ்வளவு உற்சாகமாக இருக்கிறது என்று தோன்றும். ஆனால் அந்த நேரத்தில் யோசிப்பது பலகை முன்னால் நிற்கும் இரண்டு பேர்தான். மீதி இருபத்தெட்டுப் பேர் கத்துகிறார்கள். மெதுவாக எழுதும் பிள்ளை தோற்றுத் திரும்பும்போது அணியே அதைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதற்குப் பிறகு ஒரு வாரத்துக்கு அந்தப் பிள்ளை கை தூக்காது. 'தப்பாச் சொன்னா அவுட்' என்கிற விளையாட்டு இதைவிட மோசம். யாருக்குப் பயிற்சி அதிகம் வேண்டுமோ அந்தப் பிள்ளைதான் முதலில் வெளியே போய் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறது.

அதனால் ஒரு விளையாட்டை வகுப்புக்குள் கொண்டுவரும் முன் நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றே ஒன்று. பலகை முன்னால் ஒரு பிள்ளை நிற்கும்போது, உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் கை என்ன செய்கிறது?

அதற்கு விடை சிலேட்டு. எங்கள் வகுப்பில் ஆளுக்கொன்று இருக்கிறது. சிலேட்டு கிடைக்காத இடங்களில், கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஃபைலுக்குள் ஒரு வெள்ளைத்தாளைச் செருகிக் கொடுத்தால் போதும். பலகை மார்க்கரால் எழுதி, பழைய துணியால் துடைக்கலாம். கேள்வி பலகையில் இருக்கும். எல்லோரும் எழுதிக் கவிழ்த்துவைத்துக்கொள்ள வேண்டும். நான் மனசுக்குள் எண்ணிவிட்டு "தூக்கு" என்றதும் ஒரே நேரத்தில் தூக்க வேண்டும். யார் முதலில் என்பதற்கு மதிப்பெண் கிடையாது.

அந்த எண்ணிக்கை சும்மா வைத்ததல்ல. அமெரிக்காவில் மேரி பட் ரோ என்கிற அறிவியல் கல்வியாளர் 1970-களில் வகுப்பறைப் பதிவுகளைக் கேட்டு ஆராய்ந்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று வினாடியாக நீட்டினால் போதும், பிள்ளைகளின் பதில்கள் நீளமாகின்றன, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசுகிறார்கள். இரண்டே இரண்டு வினாடி. அதற்குப் பணமும் வேண்டாம், பயிற்சி முகாமும் வேண்டாம்.

இனி விளையாட்டுக்கு வருகிறேன். தமிழுக்கு நான் அதிகம் ஆடவைப்பது மறைந்த சொல்லைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு. ஆங்கில வகுப்புகளில் தூக்குமரம் வரைந்து ஆடுகிறார்களே, அதே வகைதான். ஆனால் ஒரு மனிதனைத் தூக்கில் போடும் படத்தைப் பிள்ளைகள் முன் வரைய எனக்கு மனம் வரவில்லை. எட்டு நுங்கு தொங்கும் ஒரு பனைமரம் வரைவேன். தப்பான ஊகத்துக்கு ஒரு நுங்கு அழியும். எட்டும் போவதற்குள் சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆங்கிலத்தில் 26 எழுத்து. நமக்கோ 247. ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டால் பனந்தோப்பே அழிந்துவிடும். அதனால் விதியை இப்படி வைத்துக்கொண்டோம்: முதலில் வரிசையைக் கேட்க வேண்டும், பிறகு அதில் எந்த எழுத்து என்று சொல்ல வேண்டும். ஆறு எழுத்துச் சொல் ஒன்றுக்குப் பலகையில் ஆறு கோடு போட்டிருக்கிறேன். "'க' வரிசையில இருக்கா டீச்சர்?" இருக்கிறது. நான்காவது கோட்டின் கீழ் ஒரு புள்ளி வைக்கிறேன். அங்கே இருப்பது க-வா, கா-வா, கொ-வா என்று இன்னும் தெரியாது. இப்போது சிலேட்டுகளில் எழுதச் சொல்கிறேன்: மூன்றாவது இடத்தில் என்ன வரலாம்? பாதிப் பேராவது 'ங்' என்று எழுதியிருப்பார்கள். இன எழுத்துப் பாடத்தில் படித்தது அங்கே வேலை செய்கிறது. ங்-க்குப் பின்னால் க, ஞ்-க்குப் பின்னால் ச, ண்-க்குப் பின்னால் ட என்று ராகம் போட்டு ஒப்பித்த அதே வரிகள்தாம். இப்போது அவை ஒரு நுங்கைக் காப்பாற்றும் தந்திரமாகிவிட்டன.

அடுத்து 'த' வரிசை கேட்கிறார்கள். ஐந்திலும் ஆறிலும் புள்ளி. ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "'த்' கடைசியில வராதே டீச்சர், அப்ப அஞ்சாவதுதான் 'த்'" என்றான். வல்லின மெய் தமிழ்ச் சொல்லின் இறுதியில் வராது என்கிற இலக்கண விதியை அவன் எந்தப் புத்தகத்திலும் இன்னும் படிக்கவில்லை. போன விளையாட்டுகளில் கடைசிக் கோட்டைப் பார்த்துப் பார்த்து அவனாகவே பிடித்துக்கொண்டது. சொல் 'மரங்கொத்தி'. ட-வில், ண-வில், ள-வில் சொல் தொடங்காது என்பதையும் இப்படித்தான் கண்டுபிடித்தார்கள். முதல் கோட்டுக்கு ள கேட்ட ஒரு பெண்ணிடம் பக்கத்திலிருந்தவள், "ளவுல எந்தச் சொல்லுடி ஆரம்பிக்கும்? ஒண்ணு சொல்லு பாப்போம்" என்று மடக்கினாள். நான் வாயே திறக்கவில்லை.

எந்த எழுத்தைக் கேட்பது என்பதைக் கை தூக்குபவர்கள் முடிவு செய்வதில்லை. எல்லோரும் சிலேட்டில் எழுதித் தூக்குவார்கள். எது அதிகமோ அது வகுப்பின் ஊகம். தன் எழுத்து ஒப்புக்கொள்ளப்படாமல், பின்னால் அதுவே சரியென்று தெரியும்போது அந்தப் பிள்ளைக்கு வரும் முகம் பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும்.

பேர், ஊர், பூ, பழம் விளையாட்டை நான் விளக்க வேண்டியதில்லை. பலகையில் கட்டம் போட்டு, தலைப்பை மட்டும் பாடத்துக்கேற்ப மாற்றுகிறோம்: மாவட்டம், ஆறு, பறவை, வினைச்சொல். பலரும் எழுதியதற்கு 5, தான் மட்டும் எழுதியதற்கு 10 என்பதால், பிள்ளைகள் முதலில் தோன்றுவதை விட்டுவிட்டு ஆழத்தில் தேடுகிறார்கள். வெள்ளைப் பலகையில் கட்டத்தை நிரந்தரமாக வைக்க மெல்லிய இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள். அழித்தாலும் கட்டம் நிற்கும்.

கணக்குக்குப் போகிறேன். 1 முதல் 9 வரை பலகையில் எழுதுங்கள். இரண்டு அணி மாறி மாறி ஆளுக்கோர் எண் எடுக்க வேண்டும். எடுத்த எண்ணை அழித்துவிட வேண்டும். யாரிடம் இருக்கும் எண்களில் ஏதாவது மூன்று சேர்ந்து 15 ஆகிறதோ அவர்களுக்கு வெற்றி. பார்க்க வெறும் கூட்டல்தான். ஆனால் எதிரணி 8-ம் 1-ம் வைத்திருக்கிறது என்றால் 6-ஐ அவர்களுக்கு விடக் கூடாது என்று கணக்குப் போட வேண்டும். தன் கூட்டலோடு எதிரியின் கூட்டலையும் போட்டுப் பார்க்கிற பிள்ளை, நான் ஒரு பக்கம் நிறையக் கணக்குக் கொடுத்தாலும் போடாத அளவுக்குக் கூட்டல் போட்டுவிடுகிறது.

நன்றாக ஆடிப் பழகியபின் ஒருநாள் இந்தக் கட்டத்தைப் பலகையில் எழுதிக் காட்டினேன்: முதல் வரி 2, 7, 6. அடுத்த வரி 9, 5, 1. கடைசி வரி 4, 3, 8. நேராக, குறுக்காக, மூலைக்கு மூலையாக எப்படிக் கூட்டினாலும் 15. மூன்று வெவ்வேறு எண்கள் சேர்ந்து 15 வரும் வழிகள் மொத்தம் எட்டு. கட்டத்தின் கோடுகளும் எட்டு. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு ஒரு குரல்: "டீச்சர், நம்ம இவ்ளோ நாளா எக்ஸ்-ஓ தான் ஆடிட்டு இருந்தோமா?" ஆமாம், அதேதான். அன்று சாப்பாட்டு மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

எல்லோருடைய கைக்கும் ஒரே நேரத்தில் வேலை கொடுப்பதில் எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த விளையாட்டு 6174. இதைக் கண்டுபிடித்தவரும் நம்மைப் போல ஒரு பள்ளி ஆசிரியர் என்பதைச் சொல்லாமல் நான் தொடங்குவதில்லை. நாசிக் பக்கத்தில் தேவ்லாலியில் பாடம் நடத்திய டி. ஆர். கப்ரேகர். 1949-ல் இந்த எண்ணின் இயல்பைக் கண்டார். உள்ளூரில் அவரைப் பெரிதாக மதித்தவர்கள் குறைவு. 1975-ல் மார்ட்டின் கார்ட்னர் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் எழுதியபின்தான் உலகம் திரும்பிப் பார்த்தது.

ஒரு நான்கு இலக்க எண் எடுத்துக்கொள்ளுங்கள். நான்கும் ஒரே இலக்கமாக இருக்கக் கூடாது. 3524 என்று வைத்துக்கொள்வோம். இலக்கங்களைப் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கினால் 5432, சிறிதிலிருந்து பெரிதாக 2345. கழித்தால் 3087. அதையே மறுபடி செய்ய வேண்டும்: 8730-லிருந்து 0378 போக 8352. இன்னொரு தடவை: 8532-லிருந்து 2358 போக 6174. அதற்குமேல் எத்தனை தடவை செய்தாலும் அதே 6174. எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு படிக்குள் அங்கே வந்து நிற்கும். இடையில் 999 போல வந்தால் 0999 என்று முன்னால் சுழியம் போட்டு நான்கு இலக்கமாகவே வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இதற்குத்தான் அந்தச் சுவர்ப் பட்டை. ஆளுக்கோர் எண்ணோடு பிள்ளைகள் சுவரையொட்டி உட்கார்ந்துவிடுவார்கள். ஒருவர் மூன்று படியில் முடிப்பார், இன்னொருவருக்கு ஏழு படி ஓடும். வேகமாகக் கணக்குப் போடுவதற்கும் சீக்கிரம் முடிப்பதற்கும் இங்கே சம்பந்தமில்லை. எடுத்த எண்ணைப் பொறுத்தது. கடன் வாங்கிக் கழிப்பதில் தடுமாறும் பிள்ளை அலுக்காமல் ஏழு கழித்தல் போட்டுவிட்டுத்தான் எழுந்திருக்கும். 'இன்னிக்கு யாரு எண் ரொம்ப தூரம் போச்சு' என்று கேட்டால் ஏழு படிக்காரருக்குத்தான் கைதட்டு.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. இடையில் தப்பாகக் கழித்தாலும் பெரும்பாலும் கடைசியில் 6174 வந்துவிடும். ஏனென்றால் தப்பான விடையும் ஒரு நான்கு இலக்க எண்தானே, அதுவும் அங்கேதான் போகும். அதனால் முடிவை வைத்துத் திருத்த முடியாது. ஆனால் சரியாகக் கழித்திருந்தால் ஒவ்வொரு விடையும் 9-ஆல் வகுபடும், அதாவது அதன் இலக்கங்களைக் கூட்டினால் 9, 18, 27 என்றுதான் வரும். 3087-க்கு 18. 8352-க்கும் 18. இதைச் சொல்லிக் கொடுத்தபின் பிள்ளைகள் தங்கள் கணக்கைத் தாங்களே சரிபார்க்கிறார்கள். பக்கத்துச் சுவரையும் எட்டிப் பார்த்து, "டேய், உனக்குப் பதினேழு வருதுடா, எங்கயோ கடன் வாங்க மறந்துட்ட" என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

எங்கள் அறையில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே நிலையில் இல்லை. எந்த அறையில்தான் இருக்கிறார்கள்? 2022-ல் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கி, பிறகு நான்கு, ஐந்துக்கும் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை வைத்திருக்கிறார்கள். எந்தப் பிள்ளைக்கு என்ன கொடுப்பது என்று ஆசிரியர் தெரிந்துகொள்ள அது உதவும். ஆனால் விளையாட்டில் நான் ஒருபோதும் அந்த நிலைப்படி அணி பிரிப்பதில்லை. ஆண், பெண் என்றும் பிரிப்பதில்லை. வருகைப் பதிவேட்டில் ஒற்றை எண், இரட்டை எண், அல்லது கையில் கிடைத்த புளியங்கொட்டையின் எண்ணிக்கை, இப்படி ஏதாவது ஒன்று. இன்றைய எதிரணி நாளை நம் அணியாக வேண்டும்.

அணிகளுக்கு நிறம் கொடுக்கும்போது சிவப்பும் பச்சையும் வேண்டாம் என்று மற்ற ஆசிரியர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். அந்த இரண்டையும் பிரித்தறிய முடியாத பிள்ளைகள், பெரும்பாலும் பையன்கள், வகுப்பில் இருக்கலாம். அவர்களுக்கே அது தெரிந்திருக்காது. கறுப்பும் நீலமும் போதும். ஜன்னலுக்கு எதிரே வெள்ளைப் பலகையை மாட்டினால் வெளிச்சம் பட்டு ஓரத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தே தெரியாது. ஒருமுறை அந்த ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு ஆணி அடியுங்கள். தெரியாமல் அழியாத மார்க்கரால் எழுதிவிட்டால் பதற வேண்டாம். அதன் மேலேயே பலகை மார்க்கரால் நன்றாகக் கிறுக்கி உடனே துடைத்தால் வந்துவிடும்.

விளையாடியே நேரம் போனால் பாடம் எப்போது என்று பெற்றோர் கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். செயின்ட் லூயியில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்பிக் இருவரும் 2006-ல் வெளியிட்ட ஓர் ஆய்வை அவர்களிடம் சொல்வேன். கல்லூரி மாணவர்கள் ஒரு பகுதியை இரண்டு முறை படித்தார்கள். வேறு சிலர் ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு முறை படித்தவர்களே முந்தினார்கள், 81 சதவீதத்துக்கு 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ். நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 56, திரும்பப் படித்தவர்களுக்கு 42. சிலேட்டைக் கவிழ்த்துவைத்துக்கொண்டு, போன வாரம் படித்த ஆற்றின் பெயரைத் தேடும் பிள்ளை செய்வதும் இந்த நினைவுகூர்தல்தான். புதுப் பாடத்தை விளையாட்டால் தொடங்க முடியாது, அதை நான் நடத்தித்தான் ஆக வேண்டும். நடத்தியது தங்குவதற்குத்தான் விளையாட்டு.

மழைநாளில் பாதி வகுப்பு வராதபோது ஆடுவதற்கு ஒன்று வைத்திருக்கிறேன். வெள்ளைப் பலகையில் 21 கோடு. இரண்டு தரப்பும் மாறி மாறி ஒன்றோ இரண்டோ மூன்றோ கோடுகளை விரலால் அழிக்கலாம். கடைசிக் கோட்டை அழிப்பவருக்கு வெற்றி. இந்தக் குடும்பத்து விளையாட்டுகளுக்கு நிம் என்று பெயர். சார்லஸ் பூட்டன் என்கிற அமெரிக்கக் கணித ஆசிரியர் 1901-ல் அந்தப் பெயரை வைத்து, நிம்முக்கு ஜெயிக்கும் வழியையும் நிரூபித்தார். எங்கள் பிள்ளைகளுக்கு நான் வழி சொல்லவில்லை. நான்கு கோடு மீதி இருக்கும்போது தன் முறை வந்தால் தோல்விதான் என்று முதலில் கண்டார்கள். எட்டு இருந்தாலும் அப்படித்தான் என்று பிறகு தெரிந்தது. அப்புறம் பன்னிரண்டு, பதினாறு, இருபது. நான்காம் வாய்ப்பாட்டை இவ்வளவு கவலையோடு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அதனால் 21-ல் முதலில் ஆடுபவர் ஒரே ஒரு கோட்டை அழித்து இருபதை எதிரிக்குத் தள்ளினால் போதும், ஆட்டம் அவர் கையில்.

தெரிந்தபின் விளையாட்டு செத்துவிடும் என்று நினைத்தேன். அவர்கள் விதியை மாற்றினார்கள். கடைசிக் கோட்டை அழிப்பவர் தோற்றவர் என்று வைத்தார்கள். இப்போது 21-ல் முதலில் ஆடுபவர்தான் மாட்டிக்கொள்கிறார், யார் தொடங்குவது என்று சண்டை. அதுவும் பழகியபின் நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி பலகைக்கு வந்து முப்பது கோடு போட்டாள். ஒன்று முதல் நான்கு வரை அழிக்கலாம், கடைசிக் கோடு அழிப்பவருக்கு ஜெயம் என்று விதி சொன்னாள். மார்க்கரை மூடிவைத்துவிட்டு, ரொம்ப மரியாதையாக என் பக்கம் திரும்பினாள்.

"நீங்களே மொதல்ல ஆரம்பிங்க டீச்சர்."